நெருப்புக்குப் பின் சேரும் தண்ணீர்: வடசென்னையின் வாந்திபேதி வரலாறு

1992 அக்டோபரில் சென்னையில் வாந்திபேதி நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிருமி ஆய்வகங்களைக் குழப்பியது. தோற்றத்தில் அது காலராக் கிருமிதான். அது உண்டாக்கிய நோயும் காலராதான். ஆனால் காலராவை உறுதிசெய்யப் பயன்படும் வழக்கமான சோதனைச் சீரத்தோடு அது திரளவில்லை. விப்ரியோ காலரே என்ற இந்த இனத்தில் அதுவரை 138 வகைகள் அறியப்பட்டிருந்தன. அவற்றில் ஓ1 என்ற ஒரே வகைதான் கொள்ளைநோயைக் கிளப்பும், மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேதியை உண்டாக்குவதோடு நின்றுவிடும் என்பது மருத்துவப் பாடம். சென்னையில் கண்ட கிருமி அந்தப் பாடத்தை உடைத்தது. அடுத்த சில மாதங்களில் அது வங்காள விரிகுடாக் கரை நெடுகப் பரவிக் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். உலகம் அதற்கு வங்காளத்தின் பெயரையே சூட்டியது. முதலில் அடையாளம் காணப்பட்ட ஊர் சென்னை என்பது மருத்துவ நூல்களில் ஒரு வரியாக நிற்கிறது. இந்த நோய்க்கும் இந்த நகரத்துக்கும் இருநூறு ஆண்டு உறவு உண்டு. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்சாலைப் பட்டையை நடுவில் வைத்து அந்த உறவைப் படித்தால் ஒரு முடிவு தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் குற்றம் சாட்டப்பட்டது ஏழையின் உணவு; ஒவ்வொரு முறையும் சான்றுகள் காட்டியது, சமைத்து இறக்கிய பிறகு அந்த உணவில் சேர்ந்த தண்ணீரை.

நோயை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கிருமி உணவோடோ தண்ணீரோடோ உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் பேதி தொடங்கும். காய்ச்சல் பொதுவாக இராது. வயிற்றுவலியும் பெரிதாக இராது. ஆரம்பத்தில் சாதாரண வயிற்றுப்போக்குபோலத் தோன்றி, கடுமையான நோயில் விரைவிலேயே கழனித்தண்ணீர்போல வெளிறிய நீராகவே போகத் தொடங்கும். மிகக் கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர்வரைகூட உடல் இழக்கும். வாந்தி சேர்ந்துகொள்ளும். கண் குழிவிழும், நாக்கு வறளும், குரல் கம்மும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், சிறுநீர் நிற்கும். கிள்ளிய தோல் பழைய நிலைக்குத் திரும்ப நேரமெடுக்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் கடும் நோயாளிகளில் பாதிப் பேர்வரை, சிலர் சில மணி நேரத்திலேயே, இறந்துவிடுவார்கள். கிருமி குடலைத் தின்பதில்லை. அது சுரக்கும் நச்சு, குடல் சுவரின் உயிரணுக்களை உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியேற்ற வைக்கிறது. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயலின் குடலில் செய்த சோதனைகளால் அந்த நச்சைக் கண்டறிந்தார். நீரை வெளியேற்றும் அதே குடல், சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்த உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறனை நோயின் உச்சத்திலும் இழப்பதில்லை. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுப்பது உயிர் காப்பது அதனால்தான். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. நீர்போன்ற பேதி நிற்காமல் போனாலோ, சோர்ந்து கண் செருகினாலோ, குடிக்க முடியாமல் வாந்தி எடுத்தாலோ, கரைசலைக் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

1817-இல் வங்காளத்தின் ஜெசூர் பகுதியில் கிளம்பிய பெருங்கொள்ளை 1818-இல் சென்னையை எட்டியது. ஜெசூரில் நோயை நேரில் கண்ட மருத்துவர் ராபர்ட் டைட்லர், புது நெல்லின் கெட்ட அரிசியே காரணம் என்று நம்பி 1820-இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். நவீன காலராவின் முதல் குற்றவாளிக் கூண்டில் நின்றது சோறு. சென்னை மருத்துவ வாரியத்தின் செயலர் வில்லியம் ஸ்காட் மாகாணம் முழுவதும் இருந்த மருத்துவர்களின் குறிப்புகளைத் தொகுத்து 1824-இல் பெரிய அறிக்கை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத கிருமியை அறியாத காலம் அது. காற்று, வெயில், நிலத்தின் ஈரம், ஏழைகளின் உணவு என்று பல காரணங்கள் அடுக்கப்பட்டன. நோய் யாரையும் விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். அவருடைய உணவு ஏழையின் கஞ்சி அல்ல. ஆனாலும் நோய் ஏழையின் பழக்கத்திலிருந்து பிறக்கிறது என்ற எண்ணம் அந்த மரணத்தால் அசையவில்லை.

வடசென்னையில் இந்த நோயின் வரலாறு பசியின் வரலாற்றோடு பின்னியது. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்டது மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னை மக்கள் பல தலைமுறையாக அழைத்துவந்த இடம். 1876 முதல் 1878 வரை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தில் காலரா தன் முழு முகத்தைக் காட்டியது. 1877-இல் மட்டும் சென்னை மாகாணத்தில் பதிவான காலரா மரணங்கள் மூன்றரை லட்சத்தைத் தாண்டின. அந்த ஆண்டு அரசின் சார்பில் வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் உழைப்பவனுக்கு கூலியில் தானியத்தின் பங்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு போதும் என்று வரையறுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அந்த அளவில் உழைக்கும் உடல் தேயும் என்று எதிர்த்து வாதாடினார். நிவாரண முகாம்களில் பசித்த உடல்கள் நெருங்கிக் கிடந்தன. குடிக்கவும் கழுவவும் ஒரே நீர். வலுவிழந்த உடலைக் காலரா எளிதில் கொன்றது உண்மை. ஆனால் பட்டினி காலராக் கிருமியை உண்டாக்குவதில்லை. ஒருவர் கழிவு இன்னொருவர் வாய்க்குப் போகும் வழி திறந்திருந்ததால்தான் முகாம்கள் சுடுகாடாயின. கஞ்சி கொடுத்தவர்கள் உயிர் காத்தார்கள். அந்தக் கஞ்சியோடு குடிக்கக் கிடைத்த தண்ணீரைப் பாதுகாக்கும் அறிவு அன்றைய நிர்வாகத்துக்கு வரவில்லை.

வந்திருக்க முடியாதது அல்ல அந்த அறிவு. லண்டனில் ஜான் ஸ்நோ 1849-இலேயே நோய் தண்ணீர்வழி பரவுகிறது என்று எழுதியிருந்தார். 1854-இல் பிராட் தெருப் பம்பைச் சுற்றி நிகழ்ந்த மரணங்களைக் கணக்கிட்டு அதை வலுப்படுத்தினார். 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து ஒரு குளத்து நீரிலும் அதைக் கண்டார். ஆயினும் இந்திய அரசின் சுகாதார ஆணையர் கன்னிங்ஹாம் அதை ஏற்கவில்லை. நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை, அந்தந்த இடத்தின் சூழலே காரணம் என்று நின்றார். தொற்று என்று ஒப்புக்கொண்டால் கப்பல்களைத் தடுத்து நிறுத்த வேண்டும், வாணிகம் பாதிக்கும் என்ற அச்சம் அந்தக் கொள்கைக்குத் துணை நின்றது. 1892-இல் ஜெர்மனி ஐயத்துக்கு இடமில்லாத சான்றைத் தந்தது. ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. அதை ஒட்டிய ஆல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு வரும் அதே ஆற்று நீரை மணல் வடிப்பான் வழியாக எடுத்தது. ஹாம்பர்க்கில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆல்டோனா ஏறக்குறைய தப்பியது. இரு ஊர் மக்களின் மொழியும் தொழிலும் உணவும் ஒன்று. எல்லையே ஒரு தெருதான். மாறியது குழாய்க்குள் வந்த நீர். உணவுப் பழக்கமா தண்ணீரா என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான விடை வரலாற்றில் குறைவு.

சென்னையின் தண்ணீர் வரலாற்றிலும் இப்படி ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. 1772-இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி வெட்டப்பட்ட ஏழு கிணறு, ராயபுரத்துக்கு அருகிலேயே இருந்தும் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கவே உருவானது. சுற்றியிருந்த மக்கள் தங்கள் கிணறுகளையும் குளங்களையும் நம்பினார்கள். 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகருக்கு வந்தது. ஆனால் வடிகட்டாமல் வந்தது. 1914-இல் பொறியாளர் மேட்லியின் முயற்சியில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்கள் அமைந்த பிறகே ஆல்டோனாவின் பாதுகாப்பு சென்னைக்குக் கிடைத்தது. அந்தப் பாதுகாப்பு நகர எல்லையோடு நின்றது. தொழிற்சாலைகளோ எல்லையைத் தாண்டி வடக்கே போயின. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார் நிறுவனம், 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று அடுத்தடுத்து எழுந்தன. வேலை தேடி வந்தவர்கள் அவற்றைச் சுற்றிக் குடியேறினார்கள். ஆனால் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை தனித்தனி நகராட்சிகளாகவே இருந்து 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. உற்பத்தி நகரத்துக்கும் நாட்டுக்கும் போனது. பாதாளச் சாக்கடையும் முழுமையான குடிநீர்க் குழாயும் அந்த உழைப்பாளிகளின் தெருவுக்கு மிகத் தாமதமாகவே வந்தன.

தண்ணீர் அந்த வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் படுகையில் மீஞ்சூரைச் சுற்றித் தோண்டிய ஆழ்கிணறுகளிலிருந்து பல ஆண்டுகள் மணலித் தொழிற்சாலைகளுக்கு நீர் இறைக்கப்பட்டது. அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்த்தன. உள்ளூர்க் கிணறு கெட்டவனுக்கு மிஞ்சியது தெருக்குழாயும் தண்ணீர் லாரியும். இரண்டும் சில மணி நேரமே வருபவை. விட்டுவிட்டு வரும் குழாய்நீரின் ஆபத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். விரிசலிலிருந்து நீர் வெளியே கசியும். நீர் நின்றதும் அழுத்தம் இறங்கும். அதே விரிசல்வழியே சுற்றியுள்ள மண்ணின் ஈரம் உள்ளே இழுக்கப்படும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அந்த ஈரம் சாக்கடைதான். குழாயில் நீர் ஏறாத வீடுகளில் அடிபம்பு வைத்து இழுப்பது சென்னைக்கே உரிய ஏற்பாடு. அது இந்த உறிஞ்சலை இன்னும் வலுவாக்குகிறது. வறட்சி ஆண்டில் குழாய் திறக்கும் நேரம் குறையும்போது அழுத்தமில்லாத நேரம் கூடுகிறது. தண்ணீர்ப் பஞ்சமும் வாந்திபேதியும் கைகோத்து வருவதற்கு இதுவே காரணம். கிருஷ்ணா நீர் சென்னைக்கு வந்தது 1996-இல். ஓ139 பரவியது அதற்கு முந்தைய தட்டுப்பாட்டு ஆண்டுகளில்.

புதிய கிருமி கற்றுக்கொடுத்ததும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1961-இல் இந்தோனேசியாவின் சுலாவெசியில் கிளம்பி 1964-இல் இந்தியாவுக்கு வந்த எல்டார் என்ற ஓ1 காலரா, முப்பது ஆண்டுகளாக இந்தக் கரையில் நிலைத்திருந்தது. அடிக்கடி அதை எதிர்கொண்ட பெரியவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. அதனால் நோய் குழந்தைகளையே அதிகம் தாக்கியது. ஓ139 அந்த எல்டார் கிருமியின் வாரிசுதான். மேலுறையை உருவாக்கும் மரபணுப் பகுதி மட்டும் மாறி, பழைய எதிர்ப்புச் சக்தியின் கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது. ஆகவே உழைக்கும் வயதுப் பெரியவர்கள் பெருமளவில் படுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் கல்கத்தாவின் தேசிய காலரா நிறுவனமும் 1993-இல் இந்த மாற்றத்தை உலகுக்கு அறிவித்தன. 1992-க்கும் 1993-க்கும் இடையில் இந்த மக்களின் சமையல் மாறிவிடவில்லை; அதே மீன், அதே கூழ், அதே கடை. உடலின் கவசம் பயனற்றுப்போனபோது, அதுவரை அந்தக் கவசம் மறைத்துவைத்திருந்த உண்மை வெளிப்பட்டது: பெரியவர்களும் நாள்தோறும் கழிவு கலந்த நீரையே உட்கொண்டிருந்தார்கள். 2009-இல் ஐதராபாத்தில் தயாரான வாய்வழித் தடுப்பு மருந்தில் ஓ1-ஓடு ஓ139-ஐயும் சேர்க்க வேண்டியிருந்தது. தடுப்பு மருந்து நல்ல துணை. ஆனால் கிருமி மேலுறையை மாற்றிக்கொள்ளும். நல்ல தண்ணீருக்கு எதிராக அது மாற்றிக்கொள்ளக்கூடிய உறை எதுவும் இல்லை.

காலரா உணவுவழி பரவுவதும் உண்மைதானே என்பது முதல் மறுப்பு. உண்மைதான், அதை மறைத்தால் வாதம் நேர்மையாகாது. வெறும் தண்ணீரில் போகும் கிருமியின் பெரும்பகுதியை இரைப்பையின் அமிலம் கொன்றுவிடும். உணவோடு சேர்ந்து போனால் உணவு அந்த அமிலத்தைத் தணிக்கும், அதனால் குறைந்த எண்ணிக்கையிலேயே நோய் வரும். சமைத்து ஆறவைத்த சோறு கிருமி பெருகத் தோதானது. ஆனால் கேட்க வேண்டியது, சோற்றுக்குள் கிருமி எப்போது வந்தது என்பதை. கொதிநிலையில் அது பிழைப்பதில்லை. காசிமேட்டு ஏலத்தில் எடுத்த நெத்திலியும் கடம்பாவும் குழம்பில் கொதித்த பிறகு குற்றமற்றவை. கருவாடும் அப்படியே, வறட்சியை இந்தக் கிருமி தாங்காது. புளிப்பையும் தாங்காது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் நடந்த ஆய்வொன்றில், மீந்துபோன வேர்க்கடலைக் குழம்போடு சோறு தின்றவர்களுக்கு நோய் வந்தது. புளிப்பான தக்காளிக் குழம்பு தின்றவர்களுக்கு அது காப்பாக இருந்தது. அந்தக் கணக்கில் புளிக்குழம்பும், நன்றாகப் புளித்த கூழும் சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலில் கடைசியில் நிற்க வேண்டியவை. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்தோறும் ஊற்றும் கூழைப் பற்றி ஐயம் எழும்போதெல்லாம் கேட்க வேண்டியது, கூழைக் கரைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை. மோரில் விட்ட நீர், சட்னியில் சேர்த்த நீர், நறுக்கிய பழத்தைக் கழுவிய நீர், எச்சில் தட்டை முக்கியெடுத்த வாளி நீர், மீனுக்காக உறையவைத்த பார் ஐஸ் உடைந்து கரும்புச்சாற்றில் விழுந்தது: நெருப்பைத் தாண்டிய பிறகு சேரும் இவைதான் வாசல்கள்.

1991-இல் பெருவில் காலரா வெடித்தபோது முதல் பழி மீனவர்மேலும் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சைமீன் உணவின்மேலும் விழுந்தது. ஓராண்டுக்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். துருஹியோ நகரில் நடந்த ஆய்வு, கொதிக்கவைக்காத நகராட்சித் தண்ணீரையும், கையை விட்டு மொண்டெடுத்த பாத்திரத்து நீரையும் காரணமாகக் காட்டியது. பியூராவில் நடந்த ஆய்வு, கொதிக்காத நீரோடு, தெருவில் விற்ற பானத்தையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆறிக்கிடந்து மறுபடி சூடாக்காமல் தின்ற உணவையும் சேர்த்துச் சொன்னது. தினமும் குழாயில் நீர் வராத வீட்டில் சேமித்துவைப்பது தவிர்க்க முடியாதது. சேமித்த பாத்திரத்தில் கை படுவதும் இயல்பு. ஆக, பாத்திரத்தின் குற்றமும் முடிவில் குழாயின் குற்றமாகவே வந்து நிற்கிறது. வடசென்னையில் யாரும் மீனைப் பச்சையாகத் தின்பதில்லை. பெருவுக்கே பொருந்தாத பழி இங்கே எந்த வகையிலும் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு அறிவியலிலிருந்து வருகிறது, அது கனமானது. காலராக் கிருமி மனிதக் குடலில் மட்டும் வாழ்வதில்லை. ஆறும் கடலும் கலக்கும் உவர்நீரில் நுண்ணுயிர் மிதவைகளோடு ஒட்டி அது இயற்கையாகவே வாழ்கிறது என்று ரீட்டா கோல்வெல் பல்லாண்டு ஆய்வுகளால் நிறுவினார். அப்படியானால் எண்ணூர்க் கழிமுகம் இருக்கும்வரை காலராவும் இருக்கும், குழாயை மாற்றி என்ன பயன் என்று கேட்கலாம். கழிமுகத்தில் கிருமி இருப்பது ஒன்று. ஊருக்குள் கொள்ளைநோய் கிளம்புவது வேறொன்று. அமெரிக்காவின் லூசியானா கரையிலும் இந்தக் கிருமி உவர்நீரில் வாழ்கிறது. 1978-இல் சரியாக வேகாத நண்டு தின்ற பதினொரு பேருக்கு அங்கே காலராக் கிருமி தொற்றியது. நோய் அதோடு நின்றது. நோயாளியின் கழிவு அடுத்தவர் குடிநீருக்குள் போக அங்கே வழியில்லை. இயற்கை ஒரு தீப்பொறியைத் தரலாம். அதை ஊர்முழுதும் கொண்டுபோவது மனிதர் கட்டிய, அல்லது கட்டாமல் விட்ட, வடிகால். 1801-இல் தொடங்கி வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய், பிற்காலத்தில் பக்கிங்ஹாம் பெயர் பெற்று, உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன வழி. இன்று வடசென்னையில் அது சாக்கடை ஓடும் வழி. இதை இயற்கையின் கணக்கில் எழுத முடியாது.

மூன்றாவது மறுப்பு தனிமனிதப் பொறுப்பைப் பற்றியது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் தீரும், கையைக் கழுவினால் தீரும், அதைச் செய்யாதவர்கள்தான் காரணம் என்பது அது. அதே நீரைக் குடித்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது அதன் கிளை. கொதிக்கவைப்பதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் உயிர்காக்கும் பழக்கங்கள். அவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் எரிவாயுவுக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில் ஐந்து பேர் குடிக்கும் தண்ணீர் முழுவதையும் நாள்தோறும் கொதிக்கவைக்கச் சொல்வது, நகரின் கடமையைக் குடும்பத்தலைவியின் அடுப்பில் ஏற்றிவைப்பது. ஒன்றும் ஆகவில்லை என்ற வாதத்துக்கும் வரலாற்றில் விடை உண்டு. 1892 அக்டோபரில், கோக்கின் கொள்கையை மறுத்த மியூனிக் அறிஞர் பெட்டன்கோஃபர், இரைப்பை அமிலத்தைச் சோடா உப்பால் தணித்துவிட்டுக் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைக் குடித்தார். இலேசான பேதியோடு பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்தது ஹாம்பர்க்கின் எண்ணாயிரம் மரணங்களைப் பொய்யாக்கிவிடவில்லை. கிருமி புகுந்தவர்களில் பலருக்கு நோயே தெரியாது, அல்லது சிறு வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஆனால் அவர்கள் வழியாகவும் கிருமி வெளியேறும். நோய் தெரியாதவரின் கழிவும் அதே சாக்கடையில்தான் சேர்கிறது. அதனாலேயே இது தனிமனிதர் தீர்க்கக்கூடிய நோய் ஆகாது.

மரணங்கள் குறைந்துவிட்டனவே என்பது நான்காவது மறுப்பு. குறைந்தன, அது நூற்றாண்டின் பெரும் சாதனைகளில் ஒன்று. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் நெருங்கிக் கிடந்த பங்காவ் முகாமில் சிரைவழித் திரவம் தீர்ந்தபோது, திலீப் மகலனாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து குடும்பத்தாரே ஊட்டும்படி செய்தார். முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த மரணம் நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. தண்டையார்பேட்டையில் மாநகராட்சி நடத்தும் தொற்றுநோய் மருத்துவமனை, வாந்திபேதியோடு வந்த எத்தனையோ பேரை இந்த அறிவால் எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஆயினும் கரைசல் மரணத்தைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. தினக்கூலியில் ஓடும் குடும்பத்தில் ஒரு வாரப் பேதி என்பது ஒரு வார வருமானமும் ஒரு கடனும். மரணம் குறைந்ததாலேயே இந்த நோய் செய்தியிலிருந்து மறைந்தது. அதைக் குணமானதாக எண்ணிவிடுவது தவறு. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. அங்கேயும் கண்கள் திரும்பியது குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததன்மேல்தான். அதே கடற்கரையில் அதே காரணம் முப்பது ஆண்டுக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறது.

சட்டம் இல்லாத குறை தமிழ்நாட்டுக்கு இல்லை. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. அதில் இரண்டு கடமைகள் உண்டு. உணவு விற்பவர் நோய் பரப்பக் கூடாது. உள்ளாட்சி போதிய நல்ல குடிநீர் தர வேண்டும். முதல் கடமையை நிறைவேற்றச் செய்வது எளிது. ஒரு ஜீப்பில் வந்து கையேந்தி பவனின் பாத்திரங்களைக் கொட்டிவிடலாம். நோய் கிளம்பும்போதெல்லாம் அதுவே நடக்கிறது. கெட்ட உணவைக் கொட்டுவது சரி. ஆனால் அந்தக் கடைக்காரர் தட்டுக் கழுவும் வாளிக்கு மறுநாளும் அதே தண்ணீர்தான் கிடைக்கும். இரண்டாவது கடமைக்குப் பணமும் ஆண்டுகளும் தேவை. தேவையென்று முடிவெடுத்தால் வடக்கே பெருந்திட்டங்கள் வருவதையும் பார்த்திருக்கிறோம். 2010-இல் மீஞ்சூர் அருகே நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் வந்தது. ஆலையின் கொதிகலனுக்கு ஏற்ற தூய்மையில் சாக்கடை நீரையே மாற்றித் தர முடிந்த நகரத்தால், அந்த ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் சாக்கடை கலக்காத குடிநீரைத் தர முடியாது என்பது ஏற்கக்கூடிய விடையல்ல.

ஆகவே அடுத்த முறை வடசென்னையில் ஒரு தெருவில் பலர் ஒரே நாளில் வாந்திபேதியோடு படுக்கும்போது, விசாரணையின் முதல் கேள்வி அவர்கள் என்ன தின்றார்கள் என்பதோடு முடியக் கூடாது. அந்தத் தெருக்குழாயில் நாளுக்கு எத்தனை மணி நேரம் நீர் வருகிறது, குழாயும் சாக்கடையும் எங்கே குறுக்கிடுகின்றன, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிறதா என்பவை அதே நாளில் கேட்கப்பட வேண்டும். விடைகள் அந்தத் தெரு மக்களுக்குத் தெரியும்படி எழுதி ஒட்டப்பட வேண்டும். டைட்லர் அரிசியைக் குற்றம் சாட்டியபோது அவருக்குக் கிருமியைக் காட்டித்தர யாரும் இருக்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆல்டோனாவின் மணல் வடிப்பானும் கீழ்ப்பாக்கத்தின் மணல் வடிப்பானும் ஒரே உண்மையைச் சொல்லி நூறாண்டு கடந்துவிட்டது. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் வாழும் மக்கள் தங்கள் உணவுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை; தங்கள் தண்ணீருக்காகக் கணக்குக் கேட்க வேண்டும், கேட்கும் உரிமையை 1939-ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களுக்குத் தந்திருக்கிறது.